கப்பல் கட்டும் தளங்களில் வெல்டிங் வேலை

எஃகுத் தகடுகளையும் சட்டங்களையும் மின்வில்லின் வெப்பத்தால் உருக்கி இணைத்துக் கப்பலின் உடலை உருவாக்குவதும், பழைய கப்பலில் அரித்துப்போன தகட்டை வெட்டி எடுத்துப் புதியதை வைத்து அடைப்பதும் கப்பல்தள வெல்டரின் வேலை. தெருமுனைப் பட்டறையில் கிரில் கதவு செய்பவர் பயன்படுத்தும் அதே ஆர்க்தான் இங்கும். ஆனால் பட்டறையில் சுற்றிலும் காற்று உண்டு. கப்பலுக்குள் சுற்றிலும் இரும்புதான். இத்தொழிலின் பெருவிபத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், வெல்டரின் கைத்திறமையில் குறை இருந்தது அபூர்வம். அவர் வேலை செய்த அறையின் காற்றில் என்ன கலந்திருந்தது, தகட்டுக்கு மறுபக்கம் என்ன கிடந்தது என்ற இரண்டு கேள்விகளை யாரும் கேட்காமல் விட்டதே உயிர்களைக் குடித்திருக்கிறது.

ரிவெட் போய் வெல்டிங் வந்தது

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல்கள் ரிவெட் அடித்தே கட்டப்பட்டன. டைட்டானிக்கில் மட்டும் சுமார் 30 லட்சம் ரிவெட்டுகள் இருந்தன. கப்பல் பாய்லர்களின் கசிவை அடைக்க வழி தேடிய சுவீடன் பொறியாளர் ஆஸ்கர் செல்பெர்க், மேற்பூச்சுள்ள வெல்டிங் ராடை உருவாக்கி 1904இல் ஈசாப் நிறுவனத்தைத் தொடங்கினார். முழுக்க வெல்டிங்கால் கட்டிய முதல் கடலோடும் கப்பலான ஃபுல்லகர் 1920இல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் தயாரானது.

வெல்டிங்கைப் பெருந்தொழிலாக்கியது இரண்டாம் உலகப்போர். அமெரிக்கா அவசரத்தில் கட்டிய லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பல்கள் 2,710. பெண்கள் ஆயிரக்கணக்கில் வெல்டர்களானதும் அப்போதுதான். வேகத்துக்குப் பின்னால் ஒரு பாடமும் வந்தது. 1943 ஜனவரி 16 அன்று போர்ட்லண்ட் நகரில், அலையில்லாத ஆற்றுத் துறையில் சும்மா நின்றுகொண்டிருந்த ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் பேரொலியுடன் நடுவில் பிளந்தது. ரிவெட் அடித்த உடலில் ஒரு தகட்டில் ஓடும் விரிசல் அந்தத் தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். வெல்டிங் செய்த உடல் முழுதும் ஒரே தகடு போன்றது. விரிசலுக்குத் தடையே கிடையாது. அக்காலத்து எஃகு குளிரில் நொறுங்கும் தன்மை கொண்டது என்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பர் எடுத்துக்காட்டினார். கப்பல் எஃகைக் குளிரில் சோதித்துத் தரம் பிரிப்பதும், மூட்டுகளைக் கண்டிப்பாகப் பரிசோதிப்பதும் இந்த அனுபவத்தால் வலுப்பட்ட வழக்கங்கள்.

ஒரு நாள் வேலை

கப்பலைக் கீழிருந்து மேலாக ஒரே இடத்தில் கட்டிக்கொண்டுபோகும் வழக்கம் போய்விட்டது. கொட்டகைக்குள் பிளாக் பிளாக்காகக் கட்டி, பெரிய கிரேனால் தூக்கி, டாக்கில் அடுக்கி இணைக்கிறார்கள். நேரான நீண்ட மூட்டுகளைத் தகட்டு வரிசையிலேயே இயந்திரம் போட்டுவிடும். பல பிளாக்குகளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தே கட்டுவார்கள். அண்ணாந்து அடிக்க வேண்டிய மூட்டு அப்போது குனிந்து அடிக்கும் மூட்டாகிவிடுகிறது. வேலையும் சீக்கிரம் முடியும், உருகிய இரும்பு வெல்டரின் தோளில் சொட்டுவதும் குறையும். இந்த ஒரு ஏற்பாடு காப்பாற்றிய கழுத்துகளும் தோள்பட்டைகளும் கணக்கில்லாதவை.

கையால் செய்யும் வேலையில் இன்று பெரும்பங்கு, கார்பன் டை ஆக்சைடு வாயுவோடு ஓடும் ஃபிளக்ஸ் கம்பியால்தான். ஃபிட்டர் தகடுகளைச் சேர்த்து, நகராமலிருக்க ஆங்காங்கே சிறு டேக் அடித்துக் கொடுப்பார். வெல்டர் இடைவெளியின் பின்பக்கம் பீங்கான் பட்டையை ஒட்டி, முன்பக்கத்திலிருந்தே மூட்டை முழுதாக நிரப்புவார். கை எட்டாத மூலைகளுக்கும் பழுது வேலைக்கும் பழைய ராடு வெல்டிங் இன்னும் உண்டு. 7018 வகை ராடை அப்படியே அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து அடித்துவிட முடியாது. ஈரம் பட்டிருந்தால் 300 டிகிரிக்கு மேல் ஓவனில் சுட்டு, சூடு குறையாத கைப்பெட்டியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ராடில் ஒட்டிய ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் மூட்டுக்குள் நுழைந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்துத்தான் மூட்டில் விரிசல் விழும். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் வேலை செய்யும் தளங்களில் இந்தக் கைப்பெட்டி அலங்காரத்துக்கு வைத்த பொருளல்ல.

ஐடிஐயில் வெல்டர் பிரிவு முடித்தவர்கூடச் சோதனை கொடுத்த பிறகே கப்பல் உடலில் கைவைக்க முடியும். படுக்கை, கிடை, செங்குத்து, தலைக்குமேல் என்று நிலைகள் பிரிந்திருக்கின்றன. செங்குத்துக்கான 3ஜி, தலைக்குமேலுக்கான 4ஜி டெஸ்ட் அடித்தவருக்கு ஒரு கூலி, குழாய்க்கான 6ஜி அடித்தவருக்கு வேறு கூலி. இந்தியக் கப்பல் பதிவகம், லாய்ட்ஸ் போன்ற வகைப்பாட்டு நிறுவனங்களின் ஆய்வாளர் முன்னால் தகட்டைப் பற்றவைத்து, அதை வளைத்தும் எக்ஸ்ரே எடுத்தும் பார்த்த பின்பே சான்றிதழ். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளி, கொச்சி, விசாகப்பட்டினம் தளங்களானாலும் நடைமுறை இதுதான். தமிழ்நாட்டிலிருந்து போய் சிங்கப்பூரின் துவாஸ், ஜூரோங் பகுதித் தளங்களில் உழைக்கும் ஏராளமான வெல்டர்களும் இதே சோதனைகளைக் கடந்தவர்களே.

டேங்குக்குள்

இத்தொழிலின் கடினம் முழுவதும் கப்பலின் இரட்டை அடித்தளத்தில் தெரியும். வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவே தேன்கூடு போலச் சிறுசிறு அறைகள் கொண்ட டேங்குகள். ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குப் போக நீள்வட்டத் துளை. ஆள் ஒருக்களித்து நுழையலாம், அவ்வளவுதான். அந்தத் துளை வழியாகவே வெல்டிங் கேபிள், வாயு ஹோஸ், விளக்குக் கம்பி, காற்று இறைக்கும் ப்ளோயரின் தடித்த துணிக்குழாய் எல்லாம் போகின்றன. குழாய் பாதித் துளையை அடைத்துக்கொள்வதால், உள்ளே போகிறவர் அதைச் சற்று நேரம் விலக்கிவிட்டு நுழைகிறார். திரும்பச் சரியாகப் பொருத்தாமல் விட்டால் காற்று அறைக்கு வராமல் வழியிலேயே சிதறிவிடும். மேன்ஹோல் வாயில் ஒரு பலகை தொங்கும். உள்ளே இருப்பவர்களின் அட்டைகள் அதில் மாட்டியிருக்கும். பக்கத்தில் வாயுச் சோதனைச் சீட்டு: ஆக்சிஜன் எவ்வளவு, எரிவாயு எவ்வளவு, எத்தனை மணிக்குச் சோதித்தது, யார் கையெழுத்து.

அந்தச் சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது நேரத்தை. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. அமெரிக்கக் கப்பல்தள விதிகளின்படி அது 19.5க்குக் குறையவும் கூடாது, 22க்கு மேல் போகவும் கூடாது. எரிவாயு, வெடிக்கத் தொடங்கும் அளவில் பத்தில் ஒரு பங்கைத் தொடக்கூடாது. காலையில் சரியாக இருந்த காற்று மதியம் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. மூடிக் கிடந்த டேங்கில் துருவே ஆக்சிஜனைத் தின்றுவிடும். குழாய் வேலைக்கு விட்ட ஆர்கான் காற்றைவிடக் கனமானது. கீழே தேங்கி நிற்கும். மணமோ நிறமோ இல்லை. ஆக்சிஜன் மிகவும் குறைந்த இடத்தில் தலையை நுழைத்தவர் மூச்சுத் திணறுவதை உணரும் முன்பே நினைவு தப்பி விழுவார். அவரைத் தூக்க ஓடியவரும் விழுவார். இவ்விபத்துகளில் காப்பாற்றப் போனவர்கள் இறப்பது உலகெங்கும் திரும்பத் திரும்ப நடக்கிறது.

ஆக்சிஜன் கூடினாலும் ஆபத்துதான். புழுக்கம் தாங்காமல் கட்டிங் டார்ச்சின் ஆக்சிஜனைத் திறந்து சட்டையில் அடித்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இருந்திருக்கிறது. ஆக்சிஜன் ஏறிய பருத்தித் துணியில் ஒரு பொறி பட்டால் அணைக்க நேரமே இருக்காது. சாப்பாட்டுக்குப் போகும்போது வாயு ஹோஸை வால்வில் அடைப்பதோடு நிற்காமல் டேங்கிலிருந்து வெளியே இழுத்துப் போட வேண்டும் என்ற விதி, ஒரு மணி நேரத்தில் ஊசித்துளைக் கசிவும் அறையை நிரப்பிவிடும் என்பதால் பிறந்தது. டார்ச்சில் எரியும் அசிட்டிலீன் காற்றில் 2.5 விழுக்காடு சேர்ந்தாலே வெடிக்கும்.

இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 36ஆம் பிரிவிலேயே டேங்குக்குள் இறங்குவதைப் பற்றிப் பேசியது. நச்சுக்காற்று நீங்கியது என்ற சான்று இல்லாத அறைக்குள் இறங்குபவர் சுவாசக்கருவி அணிந்து, இடுப்பு வாரில் கயிறு கட்டி, அதன் மறுமுனையை வெளியில் ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றது. தகுந்த பாதுகாப்பு இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றது. சட்டம் எழுதியவர்கள் டேங்குக்குள் ஒரு மனிதன் படும் பாட்டை உணர்ந்தே எழுதியிருக்கிறார்கள்.

மறுபக்கம்

சிங்கப்பூரின் ஜூரோங் தளத்தில் 1978 அக்டோபர் 12 அன்று, உணவு இடைவேளை முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பிய சற்று நேரத்தில் ஸ்பைரோஸ் என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்தது. 76 பேர் இறந்தார்கள். எரிபொருள் டேங்கில் கச்சா எண்ணெய் கலந்திருந்ததால் வெடிக்கக்கூடிய ஆவி அங்கே சேர்ந்திருந்தது. கட்டிங் டார்ச்சின் பொறி அதைப் பற்றவைத்தது என்று விசாரணை கண்டது. கொச்சிக் கப்பல்தளத்தில் பழுதுபார்ப்புக்கு நின்ற சாகர் பூஷண் துளையிடு கப்பலில் 2018 பிப்ரவரி 13 அன்று நடந்த வெடிப்பில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அங்கும் பேச்சு எரிவாயுக் கசிவைப் பற்றியே.

தீ பரவும் வழி இன்னும் ஏமாற்றக்கூடியது. 1942 பிப்ரவரி 9 அன்று நியூயார்க்கில், படைக்கப்பலாக மாற்றப்பட்டுக்கொண்டிருந்த நார்மண்டி என்ற பிரெஞ்சுப் பயணிக் கப்பலின் கூடத்தில் கம்பம் ஒன்றை டார்ச்சால் வெட்டினார்கள். பக்கத்தில் இலவம்பஞ்சு அடைத்த உயிர்காப்புச் சட்டைகள் குவிந்து கிடந்தன. எரிந்த கப்பல், அணைக்க இறைத்த நீரின் பாரத்தாலேயே சாய்ந்து கவிழ்ந்தது. 2002 அக்டோபரில் ஜப்பானின் நாகசாகியில் டயமண்ட் பிரின்சஸ் என்ற பயணிக் கப்பல் கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது நடந்தது வேறு விதம். கீழ்த்தளக் கூரையில் செய்த வெல்டிங்கின் சூடு தகட்டைத் தாண்டி மேல்தள அறையிலிருந்த பொருள்களைப் பற்றவைத்துவிட்டது. வெல்டரின் கண்முன்னே ஒரு பொறிகூடத் தவறி விழுந்திருக்க வேண்டியதில்லை.

இதனால்தான் வெல்டிங், கட்டிங் போன்ற நெருப்பு வேலைக்கான அனுமதிச் சீட்டான ஹாட் வொர்க் பர்மிட் கொடுப்பவர் வேலை நடக்கும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது. மேலே, கீழே, சுவருக்கு அப்பால் மூன்றையும் நடந்து பார்க்க வேண்டும். தீக்காவலர் வேலை முடிந்த பிறகும் குறைந்தது அரைமணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். ஒரே கப்பலில் ஏழெட்டுக் காண்ட்ராக்ட் கம்பெனிகளின் ஆட்கள் வேலை செய்கையில், ஒரு குழு வெல்டிங் அடிக்கும் தகட்டுக்குப் பின்னால் இன்னொரு குழு தின்னர் கலந்து பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கலாம். இரு குழுவும் தத்தம் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தும் சேர்ந்து சாகலாம். தினமும் காலை எல்லாக் காண்ட்ராக்ட்காரர்களும் ஒரே மேசையில் கூடி அன்றைய வேலைகளைக் கப்பல் வரைபடத்தில் குறிப்பது, எந்தத் தலைக்கவசத்தையும்விடப் பெரிய பாதுகாப்பு.

உடல் தரும் விலை

ராடு வெல்டிங் மெஷினில் ஆர்க் எரியாதபோது 60 முதல் 80 வோல்ட் நிற்கும். பட்டறையில் காய்ந்த கையுறையோடு நிற்பவருக்கு அது பெரிதில்லை. வேர்வையில் நனைந்து, முதுகு முழுக்க இரும்பில் பட ஒடுங்கிக் கிடப்பவர் ராடு மாற்றும்போது அதே வோல்ட் ஆளைக் கொல்லும். ஆர்க் இல்லாத நேரத்தில் வோல்ட்டைத் தானாகக் குறைக்கும் கருவி இப்போது கிடைக்கிறது; டேங்கு வேலைக்கு அது இல்லாத மெஷினை அனுப்புவதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

கண்ணில் ஆர்க் அடித்தால் உடனே தெரியாது. ஆறேழு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடு இரவில், கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல எரியும். தாய்ப்பால் விடுவதும் உருளைக்கிழங்குத் துண்டு வைப்பதும் வழக்கத்தில் உள்ளன. புண்பட்ட கருவிழியில் அவை கிருமித் தொற்றைக் கொண்டுவரலாம். கண் மருத்துவரிடம் போனால் ஓரிரு நாளில் ஆறிவிடும். அடிபடுபவர் பலசமயம் வெல்டராக இருப்பதில்லை. முகமூடி இல்லாமல் தகட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஹெல்பர்தான்.

புகையின் கேடு மெல்ல ஏறும். தகட்டின் துத்தநாக முதற்பூச்சு எரிந்தால் அன்று மாலையே குளிர்காய்ச்சல் வரும். மறுநாள் தணிந்துவிடும் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மாங்கனீசு நரம்பைப் பாதிக்கும். ஸ்டெயின்லெஸ் புகையிலுள்ள குரோமியம் புற்றுநோய் தரும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் எல்லா வெல்டிங் புகையையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. மூட்டின் இருபுறமும் பத்து சென்டிமீட்டர் பூச்சைச் சுரண்டிவிட்டு அடிப்பதும், புகையை ஆர்க்கின் அருகிலேயே உறிஞ்சும் குழாயும் பெருமளவு உதவும். முகத்தில் கட்டும் கைக்குட்டை உலோகப் புகையை நிறுத்தாது. இவற்றோடு ஆர்க்கால் உலோகத்தைக் குடைந்தெடுக்கும் கௌஜிங் செய்யும்போது 100 டெசிபெல்லைத் தாண்டும் இரைச்சல், சாரத்திலிருந்து விழுவது, வெயிலில் காய்ந்த தகட்டின் அனல், வருடக்கணக்கில் அண்ணாந்து வேலை செய்து தேயும் கழுத்தெலும்பு ஆகியவையும் உண்டு.

தென்கொரியா, ஜப்பான் தளங்களில் இரட்டை அடித்தள அறைகளுக்குள் இறக்கும் சிறு ரோபோக்கள் பல ஆண்டுகளாக வேலை செய்கின்றன. புதிய கப்பலில் அறைகள் ஒரே அளவாக, சுத்தமாக இருப்பதால் இது முடிகிறது. பழுதுபார்க்க வரும் கப்பலிலோ ஒவ்வொரு அரிப்பும் ஒவ்வொரு வடிவம், டேங்கில் பழைய எண்ணெயும் சேறும். அங்கே இன்னமும் ஆள்தான் இறங்குகிறார்.