கப்பலில் வந்தவரும் வானூர்தியில் வருபவரும்

சென்னையிலோ திருச்சிராப்பள்ளியிலோ இரவில் வானூர்தி ஏறுகின்ற ஒரு கணவனும் மனைவியும், பொழுது புலரும் வேளையில் சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையத்தில் வந்திறங்குகின்றனர். இடைப்பட்ட பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். 2023 டிசம்பர் முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இன்றியே மலேசியாவுக்கு வரலாம் என்றானது; இவ்வாறு வரும் தம்பதியர் தொகையும் பெருகிற்று. விரைவு இரயில் அவர்களை அரை மணி நேரத்தில் தலைநகரின் சென்ட்ரல் நிலையத்தில் சேர்க்கின்றது. பிரிக்பீல்ட்ஸ் விடுதியொன்றில் பெட்டிகளை வைத்துவிட்டு, வாழையிலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, ஊர் காணப் புறப்படுகின்றனர். இரட்டைக் கோபுரம், பத்துமலை, கெந்திங் மலை, கிள்ளான் சேலைக் கடைகள் என ஐந்து நாட்கள் ஓடி மறைகின்றன. படங்கள் பல எடுத்துக்கொண்டு மனநிறைவோடு ஊர் திரும்புகின்றனர்.

இதில் குறை காண ஏதுமில்லை. உழைத்துச் சேர்த்த பொருளில் ஓர் அயல்நாட்டைக் கண்டு மகிழ்வது மாந்தர்க்கு இயல்பே. ஆயின், அவர்கள் கால் பதித்த இடங்கள் பலவற்றில் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் வேறொரு கணவனும் மனைவியும் கால் பதித்தனர் என்பதைச் சுற்றுலா வழிகாட்டிகள் பெரும்பாலும் சொல்வதில்லை. அந்த முன்னோர் ஊர் காண வரவில்லை. ஊரை விட்டு வந்தனர். விடுதியில் தங்கவில்லை, லயத்தில் தங்கினர். இவ்விரு பயணங்களையும் அருகருகே வைத்து நோக்கினால், கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறே ஓரளவு விளங்கும்.

ஒரு வாரக் கடற்பயணம்

தமிழகத்திலிருந்து மலாயாவுக்குத் தொழிலாளர் வரத்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. முதலில் ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. ஒப்பந்தக் காலம் முடியும்வரை வேலையை விட்டு நீங்கவியலாத அம்முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதனோடு வளர்ந்து, பின்னர் அதன் இடத்தையும் பிடித்துக்கொண்டது கங்காணி முறை. தோட்டத்துத் துரையிடம் நம்பிக்கை பெற்ற கங்காணி, உரிமச் சீட்டுடன் தன் சொந்த ஊருக்குச் செல்வான். உற்றார் உறவினரையும் ஊராரையும் திரட்டி வருவான். அவன் அழைத்து வந்தோர் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் அவனுக்குத் தலைக்காசு உண்டு. 1907இல் தோற்றுவிக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் வரி செலுத்தினர். அந்நிதியிலிருந்தே தொழிலாளரின் கப்பற்செலவு கொடுக்கப்பட்டது. சஞ்சிக்கூலி என்று பேச்சு வழக்கில் அழைக்கப்பட்டவர்கள் இவ்வாறு வந்தோரே.

தொடக்கத்தில் வந்தோருள் ஆடவரே மிகுதி. கங்காணி முறை வேரூன்றிய பின்னரே கணவனும் மனைவியுமாய்க் கப்பலேறுவோர் பெருகினர். ஆவடியிலோ நாகப்பட்டினத்தை அடுத்த பாப்பாக்கோவிலிலோ இருந்த முகாமில் அவர்கள் முதலில் தங்கவைக்கப்பட்டனர். அங்கே மருத்துவச் சோதனை முடிந்து, கப்பலின் திறந்த தளத்தில் பாய் விரித்து, ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் மிதந்து வந்தனர். இக்கரை சேர்ந்ததும் உடனே ஊருக்குள் நுழைய இயலாது. பினாங்குக்கு வந்தோர் ஜெரெஜாக் தீவிலும், சிலாங்கூருக்கு வந்தோர் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் சில நாட்கள் அடைபட்டிருக்க வேண்டும். மலாயா மண்ணில் அவர்களுக்குக் கிடைத்த முதல் தங்குமிடம் அதுவே.

சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901இல் திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தைத் திருத்தி அமைத்த அத்துறைமுகத்தில் திறந்த சில வாரங்களுக்குள்ளேயே மலேரியாக் காய்ச்சல் பரவி, வேலை செய்தோர் கூட்டங்கூட்டமாய் வீழ்ந்தனர். துறைமுகத்தை மூடிவிடலாமா என்று கேட்கும் நிலை உண்டாயிற்று. கிள்ளான் மருத்துவராய் இருந்த மால்கம் வாட்சன், கொசு பெருகும் சதுப்பு நீரை வடித்தால் நோய் அடங்கும் என்று கூறி, வாய்க்கால் வெட்டச் செய்து, அதனை மெய்ப்பித்தும் காட்டினார். அம்முயற்சி உலக மருத்துவ வரலாற்றில் இடம் பெற்றுள்ளது. அத்துறைமுகமே 1972 முதல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பெற்று, இன்று பேரளவில் வாணிகம் நடைபெறும் இடமாய் விளங்குகின்றது.

வேலைக்கன்றித் தமிழ் மக்களைக் காணவென்றே வந்த தம்பதியரும் அந்நாளில் இருந்தனர். 1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. இராமசாமி தம் துணைவியார் நாகம்மையாருடன் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கியதும், மலாயாவின் பல ஊர்களில் அவர் சொற்பொழிவாற்றியதும் ஈண்டு நினைவுகூரத்தக்கவை. அதே கடல், அதே துறை. எனினும், மாலையோடு வரவேற்கப்பட்ட அத்தம்பதியர்க்கும், தடுப்பு முகாமுக்கு நடத்திச் செல்லப்பட்ட தம்பதியர்க்கும் இடையே இருந்த தொலைவு பெரிது.

செங்கலும் இருப்புப்பாதையும்

சுற்றுலாத் தம்பதியர் இன்று இறங்குகின்ற சென்ட்ரல் நிலையம் 2001இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் அந்நிலம் புகைவண்டிப் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் இரயில்வே முற்றமாய் இருந்தது. அதனை அடுத்த பிரிக்பீல்ட்ஸின் பெயரே அதன் தொழிலைச் சொல்லும். 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தன. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் இனி ஆகா, செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று அதிகாரிகள் ஆணையிட்டனர். அதற்கான செங்கற்சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று.

1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையில் இருந்த புக்கிட் கூடாவையும் இணைத்து இருப்புப்பாதை போடப்பட்டது. மண் வெட்டவும் சல்லி கொட்டவும் தண்டவாளம் பேணவும் தமிழகத் தொழிலாளர் வந்தனர். நிலைய அதிகாரியாகவும் கிராணியாகவும் பணியாற்ற யாழ்ப்பாணத் தமிழர் வந்தனர். இவ்விரு சாராரும் குடியிருந்தமையால் பிரிக்பீல்ட்ஸ் தமிழ் ஊராயிற்று. கந்தசுவாமி கோயிலும் 1904இல் நிறுவப்பட்ட விவேகானந்த ஆசிரமமும் அக்காலத்தின் சின்னங்கள். 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்திருந்தபோது இவ்வூர் ‘லிட்டில் இந்தியா’ எனத் தொடங்கி வைக்கப்பட்டது. வண்ண வளைவுகளும் நீரூற்றும் அமைந்தன. ஆனால், இரயில்வே ஊழியர் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த குடியிருப்புகளுள் பல இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. வளைவைப் படமெடுப்போர்க்கு அவ்வீடுகள் இருந்த சுவடும் தெரிவதில்லை.

தங்குமிடங்கள்

தங்குமிடத்தை நோக்கினும் ஏற்றத்தாழ்வு விளங்கும். ஆர்தர் பெனிசன் ஹப்பக் வடிவமைத்த கோலாலம்பூர்ப் பழைய புகைவண்டி நிலையம் 1910இல் எழுந்தது. அதனுள்ளேயே ஒரு விடுதியும் அமைந்திருந்தது. எதிரே 1932இல் மெஜஸ்டிக் விடுதி திறக்கப்பட்டது. இவை வெள்ளையர்க்கும் செல்வர்க்கும் உரியவை. வாணிகம் செய்த நகரத்தார் அம்பாங் தெருவில் கிட்டங்கிகளில் தங்கினர். மனைவி மக்களைச் செட்டிநாட்டில் விட்டுவிட்டு, பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில் வந்து திரும்பிய அவர்கட்கும் தனிமை இருந்தது.

தோட்டத் தொழிலாளர்க்கு வாய்த்தது லயம். வரிசையாய்ப் பலகைச் சுவர் தடுத்த அறைகள். ஓர் அறையில் ஒரு குடும்பம். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பின்னர்க் கணவனும் மனைவியும் வெவ்வேறு நிரையில் பால்மரம் சீவச் செல்வர். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். அயல்நாட்டில் கணவனும் மனைவியும் ஒன்றாய்க் கழித்த பொழுது என்று சொல்ல அவர்கட்கு மிஞ்சியது மாலை நேரமும் திருவிழாவுமே.

அத்திருவிழாவுள் தலையாயது தைப்பூசம். 1873இல் கோலாலம்பூரில் மகாமாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்த காயாரோகணம் தம்புசாமிப் பிள்ளையே 1891இல் பத்துமலைக் குகையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு முதல் அங்குத் தைப்பூசம் நடைபெற்று வருகின்றது. தொடக்கத்தில் மலையேறியோர் காட்டுப் பாதையில் ஏறினர். 1920இல் மரப்படிகள் அமைந்தன. பின்னரே கற்காரைப் படிகள் வந்தன. இன்று 272 படிகள் வண்ணம் பூசப்பெற்று விளங்குகின்றன. 2006இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையின்முன் நின்று படமெடுத்துக்கொள்ளாத சுற்றுலாத் தம்பதியர் அரியர். தோட்டத்துத் தம்பதியர் ஆண்டுக்கொருமுறை வந்ததும் இவ்விடத்துக்கே. அவர்கட்கு அது வழிபாடு, சுற்றுலாவும் அதுவே.

விருந்தினர்க்கு அடைத்த வாயில்

கிள்ளானில் துங்கு கெலானா சாலையில் சேலையும் நகையும் வாங்குவோர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி வேண்டும். பிள்ளைகட்கு முறையான கல்வி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்று கேட்டனர். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். அக்கோரிக்கைகளுள் மற்றொன்று, உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்து போக விட வேண்டும் என்பது.

ஒருவன் தன் வீட்டுக்கு விருந்தினரை அழைக்கும் உரிமையையும் போராடிக் கேட்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாதன் சிறைப்படுத்தப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மே மாதத்தில் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, படை வரவழைக்கப்பட்டது. தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டே சப்பானியர் ஆட்சி வந்தது. தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதோர் பலர். கணவன் வருவான் என்று லயத்து வாசலில் காத்திருந்த மனைவியர் கதை இன்றும் முதியோர் வாய்மொழியாய் வழங்குகின்றது.

கப்பல் நின்றது

உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. எனினும் கப்பல் ஓட்டம் நிற்கவில்லை. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னைக்கும் நாகைக்கும் மலாயாவுக்கும் இடையே மக்களைச் சுமந்தது. வந்தவரை மட்டுமன்று, போனவரையும் சுமந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்பின், குடியுரிமை இல்லாது சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தமிழர் பல்லாயிரவர் வேலை இழந்து தாயகம் திரும்பினர். பெற்றோர் கப்பலேற, இங்கே பிறந்த பிள்ளைகள் கரையில் நின்ற குடும்பங்களும் உண்டு. பின்னர் ஓடிய சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அத்தோடு அக்கடல்வழிப் பயணம் முடிவுற்றது.

அதற்குள் வான்வழி வளர்ந்துவிட்டது. சுபாங் விமான நிலையம் 1965இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரலில், தனிநாயக அடிகளாரின் பெருமுயற்சியால் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றபோது, பல நாட்டு அறிஞரும் இந்நகருக்கு வந்து கூடினர். 1998இல் சிப்பாங் நிலையம் திறக்கப்பட்டது. குறைந்த கட்டண வானூர்திகள் 2008 முதல் திருச்சிராப்பள்ளிக்கும் பறக்கத் தொடங்கின. செல்வர்க்கே உரியதாயிருந்த வான்பயணம் எளியோர்க்கும் எட்டியது.

மறுதிசைப் பயணம்

அவ்வானூர்திகள் திரும்பிச் செல்கையில் மலேசியத் தமிழ்த் தம்பதியரையும் ஏற்றிச் செல்கின்றன. அவர்களும் விடுதிகளில் தங்கித் தஞ்சை, மதுரை, பழனி, இராமேசுவரம் கண்டு திரும்புகின்றனர். அவர்களுள் பலர்க்கு இன்னொரு விருப்பமும் உண்டு. பாட்டனும் பாட்டியும் புறப்பட்ட ஊரை ஒருமுறை மிதிக்க வேண்டும் என்பதே அது. ஆனால் அந்த ஊர் எது என்று வாடகை வண்டி ஓட்டுநர் கேட்கும்போது விடை வருவதில்லை. வந்த கப்பலின் பெயர் குடும்பத்தில் வழங்குகின்றது. தோட்டத்தின் பெயரும் கங்காணியின் பெயரும் நினைவில் உள்ளன. ஊரின் பெயர் மட்டும் மறைந்துவிட்டது. ‘திருச்சிப் பக்கம்’, ‘சேலம் பக்கம்’ என்பதோடு நின்றுவிடுகின்றது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்களோடு அவற்றில் வாழ்ந்தோரும் மறைந்து வருகின்றனர். பழைய கடப்பிதழும் பிறப்புச் சான்றும் பெட்டியடியில் செல்லரித்துக் கிடக்கின்றன. ஊர்ப் பெயரைச் சொல்லவல்ல முதியோர் இன்னும் சில வீடுகளில் உள்ளனர். அவர்கள் அருகில் அமர்ந்து ஊர், வட்டம், வந்த ஆண்டு, உடன் வந்தோர் ஆகியவற்றைக் கேட்டு எழுதிவைப்பது பிள்ளைகள் செய்யக்கூடிய செயலே. தமிழ்ப்பள்ளி மாணவனின் ஓர் ஏட்டின் இரு பக்கங்கள் அதற்குப் போதும். அங்கிருந்து வருவோர் இந்த மண்ணில் தம் ஊரார் சிந்திய வியர்வையை அறிந்து செல்லவும், இங்கிருந்து செல்வோர் தம் முன்னோர் ஊர் வாசலில் இறங்கி நிற்கவும், அவ்விரு பக்கங்களே வழி காட்டும்.