ரோமாபுரியும் அயல்நாட்டுப் போப்பாண்டவர்களும்

போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கர்தினால்மாருக்கே உண்டு. பொதுமக்களுக்கு அதில் வாக்கு இல்லை. ஆயினும் முடிவு வெளியானவுடன் முதலில் வாய் திறப்போர் ரோமாபுரி மக்களே ஆவர். அயல்நாட்டார் இருவரை அவர்கள் எதிர்கொண்ட விதம் நம் சிந்தனைக்கு உரியது.

1522-ஆம் ஆண்டு ஜனவரியில், உத்ரெக்ட் நகரத்தவரான ஆட்ரியன் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவர் இருந்தது ஸ்பெயின் நாட்டில். செய்தி அறிந்த மக்கள், வெளியே வந்த கர்தினால்மாரை ஏசினர். 'ரோமாபுரி வாடகைக்கு விடப்படும்' என எழுதி ஒட்டியதாகவும் கூறுவர். ஆகஸ்டில் நகர் வந்தடைந்த ஆட்ரியன் ஆடம்பரச் செலவுகளைக் குறைத்தார். வெறுப்பு மேலும் வளர்ந்தது. 1523 செப்டம்பரில் அவர் காலமானார்.

அதன்பின் 455 ஆண்டுகள் இத்தாலியரே அப்பதவியை வகித்தனர். 1978-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் மாலை, புனித பேதுரு சதுக்கத்தில் 'வொய்த்திவா' என்னும் பெயர் ஒலித்தது. யார் இவர் என மக்கள் திகைத்தனர். மாடத்தில் தோன்றிய அப்போலந்து நாட்டவர், இரண்டாம் யோவான் பவுல் என்னும் பெயர் பூண்டவர், இத்தாலிய மொழியிலேயே பேசலானார். 'உங்கள் மொழி' என்று தொடங்கி, 'நம் மொழி' எனத் திருத்திக்கொண்டார். தாம் பிழைபடப் பேசினால் திருத்துமாறும் வேண்டினார். சதுக்கம் ஆரவாரித்தது.

அயலூரில் வாழும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். தன் மொழியைத் தயங்கித் தயங்கியேனும் பேச முன்வருபவரை எந்த ஊரும் நெடுநாள் அயலாராக எண்ணுவதில்லை.