பதின்மூன்று ஆட்டம் பின்னால்: 1951-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ்

இன்னைக்கு நாம பேசப் போறது ஒரு பேஸ்பால் அணியைப் பற்றி. பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம்தான், அதனால் தேவையான விதிகளை மட்டும் அங்கங்கே சொல்லிக்கிட்டே போறேன். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஆட்டத்துக்கு வெளியேதான் இருக்கு. தோற்றுப் போனதாக எல்லோரும் முடிவு கட்டிய ஓர் அணி ஏழே வாரத்தில் எழுந்து வந்து ஜெயிக்கிறது. ஐம்பது வருஷம் கழித்து, அந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு திருட்டு வேலை இருந்தது என்று தெரிய வருகிறது. அப்படியானால் அந்த வெற்றியை நாம் என்ன செய்வது? கேள்வி அதுதான்.

முதலில் களத்தைப் பார்த்துவிடலாம். 1951-ல் அமெரிக்காவில் பெரிய லீக் இரண்டு: நேஷனல் லீக், அமெரிக்கன் லீக். ஒவ்வொன்றிலும் எட்டு அணிகள், ஒவ்வொரு அணிக்கும் 154 ஆட்டங்கள். இன்றைக்கு ஐ.பி.எல்.லில் முதல் நான்கு இடம் பிடித்தால் பிளே-ஆஃப் போகலாம் இல்லையா, அந்த வசதியெல்லாம் அன்றைக்குக் கிடையாது. புள்ளிப் பட்டியலில் முதலிடம் வந்தால் வேர்ல்ட் சீரிஸ், இரண்டாமிடம் வந்தால் வீடு. இரண்டு அணிகள் சமமாக முடித்தால் மட்டும் நேஷனல் லீக்கில் அவர்களுக்குள் மூன்று ஆட்டம் வைப்பார்கள், அதில் இரண்டு ஜெயிப்பவர் சாம்பியன்.

அந்த லீக்கில் நியூயார்க் நகரத்திலிருந்தே இரண்டு அணிகள். புரூக்ளினில் டாட்ஜர்ஸ், மன்ஹாட்டனில் ஜயன்ட்ஸ். ஒரே ஊர்க்காரர்களுக்குள் எவ்வளவு பகை இருக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. போதாததற்கு, ஜயன்ட்ஸ் மேனேஜர் லியோ டுரோச்சர் 1948-ன் பாதி வரை டாட்ஜர்ஸ் மேனேஜராக இருந்தவர். சீசன் நடுவிலேயே எதிர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர்.

ஜயன்ட்ஸின் ஆரம்பம் படு மோசம். ஏப்ரலில் தொடர்ந்து 11 ஆட்டம் தோற்றார்கள். மே 25-ம் தேதி, மின்னியாபொலிஸில் கீழ்நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த 20 வயதுப் பையனை மேலே கூட்டி வந்தார்கள். பெயர் வில்லி மேஸ். வந்ததும் அவருக்குப் பந்து மாட்டவில்லை. முதல் 26 முயற்சியில் ஒரே ஒரு ஹிட். கண் கலங்கி உட்கார்ந்திருந்தவரிடம், நான் இங்கே மேனேஜராக இருக்கும் வரை நீதான் சென்டர் ஃபீல்டர் என்று டுரோச்சர் சொன்னதாக மேஸே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் பின்னாளில் பேஸ்பாலின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவரானார்.

மேஸ் சென்டர் ஃபீல்டுக்கு வந்ததால், அந்த இடத்தில் ஆடிக்கொண்டிருந்த பாபி தாம்சனுக்கு இடமில்லாமல் போனது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில் பிறந்தவர். கொஞ்ச நாள் அலைக்கழித்து, கடைசியில் அவரை மூன்றாவது பேஸில் நிறுத்தினார்கள். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்போது கணக்கு. ஆகஸ்ட் 11 இரவு நிலவரம் இது: டாட்ஜர்ஸ் 70 வெற்றி, 36 தோல்வி. ஜயன்ட்ஸ் 59 வெற்றி, 51 தோல்வி. பேஸ்பால் பாஷையில் ஜயன்ட்ஸ் பதின்மூன்று ஆட்டம் பின்னால். ஒவ்வொரு அணிக்கும் மிச்சம் ஐம்பது ஆட்டம்கூட இல்லை. அன்று மதியம், டாட்ஜர்ஸ் அன்றைய முதல் ஆட்டத்தை ஜெயித்திருந்த நேரத்தில், இடைவெளி பதின்மூன்றரை. அமெரிக்காக்காரர்கள் இன்றைக்கும் சொல்லும் எண் அந்தப் பதின்மூன்றரைதான்.

மறுநாள் ஜயன்ட்ஸ் ஜெயித்தார்கள். அதற்கு மறுநாளும். ஆகஸ்ட் 27 வரை தொடர்ந்து 16 ஆட்டம். அதற்குப் பிறகும் நிற்கவில்லை. கடைசி 44 ஆட்டத்தில் 37 வெற்றி, 7 தோல்வி. நூற்றுக்கு 84. இந்த விளையாட்டில் நூற்றுக்கு 60 ஜெயித்தாலே நல்ல அணி.

டாட்ஜர்ஸ் சரிந்து விழுந்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். எண்களைப் பார்த்தால் அது முழு நியாயமில்லை. கடைசி 48 ஆட்டத்தில் அவர்கள் 26 வெற்றி, 22 தோல்வி. தோற்றதைவிட ஜெயித்தது அதிகம்தானே? அதுவரை ஜயன்ட்ஸ் எந்த வேகத்தில் ஆடிக்கொண்டிருந்தார்களோ, கிட்டத்தட்ட அதே வேகம். டாட்ஜர்ஸ் சாதாரண அணியாக மாறினார்கள், அவ்வளவுதான். பின்னால் வந்தவன் ஓடிய ஓட்டம் அப்படி. 26-க்குப் பதிலாக 27 ஜெயித்திருந்தால் போதும், இந்தக் கதையே இல்லை.

சீசனின் கடைசி நாள் செப்டம்பர் 30. பாஸ்டனில் ஜயன்ட்ஸ் 3-2 என்று ஜெயித்துவிட்டு ரயிலேறிவிட்டார்கள். ஃபிலடெல்ஃபியாவில் டாட்ஜர்ஸ் ஒரு கட்டத்தில் 6-1 என்று பின்தங்கியிருந்தார்கள். தோற்றால் கதை முடிந்தது. ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் சமமாகி நீண்டுகொண்டே போனது. 12-வது இன்னிங்ஸில் எதிரணி ஜெயிக்க இருந்த பந்தைத் தரையோடு பாய்ந்து பிடித்தார் ஜாக்கி ராபின்சன். 1947-ல் பெரிய லீக்கின் நிறவெறிச் சுவரை உடைத்து உள்ளே வந்த அதே ராபின்சன். விழுந்த வேகத்தில் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே முடியவில்லை. 14-வது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தையும் அவரே முடித்தார். 9-8. இரண்டு அணியும் 96 வெற்றி, 58 தோல்வி. மூன்று ஆட்டம் வைத்தே ஆக வேண்டும்.

அக்டோபர் 1, புரூக்ளினின் எபட்ஸ் ஃபீல்ட். ஜயன்ட்ஸ் 3-1. ரால்ஃப் பிராங்கா வீசிய பந்தில் பாபி தாம்சன் ஒரு ஹோம் ரன் அடித்தார். அக்டோபர் 2, ஜயன்ட்ஸின் சொந்த மைதானமான போலோ கிரவுண்ட்ஸ். டாட்ஜர்ஸ் 10-0. அக்டோபர் 3, அதே மைதானம், கடைசி ஆட்டம். அந்தத் தொடரை அமெரிக்காவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார்கள். பேஸ்பாலுக்கு அது முதல் முறை. மைதானத்தில் கூட்டம் 34,320 பேர்தான், ஏராளமான இருக்கைகள் காலி.

கடைசி இன்னிங்ஸின் கடைசிப் பாதி. டாட்ஜர்ஸ் 4, ஜயன்ட்ஸ் 1. டாட்ஜர்ஸ் பிட்சர் டான் நியூகோம்ப் களைத்துவிட்டார். முதல் இரண்டு பேரும் அடித்து பேஸில் ஏறினார்கள். மூன்றாவது மான்டி இர்வின், லீக்கிலேயே அதிக ரன்களை வீட்டுக்கு அழைத்து வந்தவர். அவர் பந்தைத் தூக்கி அடித்து அவுட். அடுத்து வைட்டி லாக்மேன் அடித்ததில் ஒரு ரன் வந்தது. 4-2. இரண்டாவது, மூன்றாவது பேஸில் ஆள் நிற்கிறார்கள். நியூகோம்பை எடுத்துவிட்டு டாட்ஜர்ஸ் மேனேஜர் சக் டிரெஸன் அனுப்பியது பிராங்காவை. சட்டை எண் 13. எதிரே பேட்டுடன் பாபி தாம்சன். அடுத்து ஆட வேண்டியவராக வட்டத்தில் காத்திருந்தது வில்லி மேஸ்.

முதல் பந்தை தாம்சன் விட்டுவிட்டார். இரண்டாவது பந்தை இடது பக்கக் கேலரிக்குள் அடித்தார். மூன்று ரன், 5-4. முடிந்தது. மணி 3:58.

ரேடியோவில் வர்ணனையாளர் ரஸ் ஹாட்ஜஸ், ஜயன்ட்ஸ் சாம்பியன் என்ற ஒரே வாக்கியத்தை நான்கு முறை கத்தினார். அதை இன்றைக்கு நாம் கேட்க முடிவது ஒரு தற்செயல். வேலைக்குப் போக வேண்டியிருந்த ஒரு ரசிகர், கடைசிக் கட்டத்தை டேப்பில் பதிவு செய்யச் சொல்லி அம்மாவிடம் விட்டுப் போயிருந்தார். அந்த டேப்தான் பிழைத்தது. அந்தப் பக்கம், உடை மாற்றும் அறையின் படிக்கட்டில் பிராங்கா முகம் கவிழ்ந்து கிடக்கும் படம் இருக்கு. நான் ஹோம் ரன் படத்தைவிட இதைத்தான் அதிக நேரம் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போ திருட்டு விஷயத்துக்கு வருவோம்.

கிரிக்கெட்டில் என்ன பந்து வீசுவது என்பது பெரும்பாலும் பந்துவீச்சாளர் மனசுக்குள்ளேயே இருக்கும். பேஸ்பாலில் அப்படி இல்லை. பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சர், அன்றைக்கெல்லாம் தொடைகளுக்கு நடுவே விரலைக் காட்டி இது வேகப் பந்தா, வளைவுப் பந்தா என்று பிட்சருக்குச் சைகை செய்வார். அந்தச் சைகை பேட்டருக்குத் தெரிந்துவிட்டால் பாதி வேலை மிச்சம். களத்தில் நின்று கண்ணால் பார்த்துத் திருடுவது அன்றைக்கு ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

போலோ கிரவுண்ட்ஸ் ஒரு விசித்திரமான மைதானம். வீரர்களின் அறை சென்டர் ஃபீல்டுக்குப் பின்னால், பேட்டருக்கு நேர் எதிரே, கிட்டத்தட்ட 480 அடி தூரத்தில். ஜூலை 20-லிருந்து அந்த அறையில் கோச் ஹெர்மன் ஃபிராங்க்ஸ் தொலைநோக்கியோடு உட்கார்ந்தார். சைகையைப் பார்த்ததும் ஒரு பொத்தானை அழுத்துவார். அங்கிருந்து மின்கம்பி இழுத்து, மாற்றுப் பிட்சர்கள் உட்காரும் இடத்தில் ஒரு பஸ்ஸர். அங்கே சால் இவார்ஸ் என்ற மாற்று கேட்சர். வளைவுப் பந்து என்றால் கையிலிருக்கும் பந்தைத் தூக்கிப் போடுவார், வேகப் பந்து என்றால் சும்மா இருப்பார். பேட்டர் அவரைப் பார்த்துக்கொண்டால் போதும்.

பல வருஷம் இது வதந்தியாகவே சுற்றியது. 2001 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஜோஷுவா பிரேகர் எழுதிய கட்டுரைதான் அதை உறுதி செய்தது. அன்று உயிரோடிருந்த வீரர்களைத் தேடிப் பிடித்துப் பேசியிருந்தார். பலர் ஒப்புக்கொண்டார்கள்.

அப்படியானால் 37-க்கு 7 என்பது தொலைநோக்கியின் வேலையா? என் கருத்து: பெரும்பகுதி இல்லை. காரணம் சொல்றேன். தொலைநோக்கி சொந்த மைதானத்தில்தான் இருந்தது, ஜயன்ட்ஸ் வெளியூரிலும் ஜெயித்தார்கள். சால் மேக்லி, லேரி ஜான்சன் என்ற இரண்டு பிட்சர்கள் அந்த வருஷம் ஆளுக்கு 23 ஆட்டம் ஜெயித்தார்கள். எதிரணியின் சைகையைத் திருடி நம்ம பிட்சர் நன்றாக வீச முடியாது. மூன்று ஆட்டத் தொடரையே பாருங்க. தொலைநோக்கி இல்லாத புரூக்ளினில் ஜெயித்தார்கள், தொலைநோக்கி இருந்த சொந்த வீட்டில் 10-0 என்று தோற்றார்கள். கடைசி இன்னிங்ஸில் இர்வின் அவுட்டானதும் அதே மைதானத்தில்தான்.

ஆனால் இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கு, அதையும் சொல்லியே ஆகணும். இரண்டு அணியும் 96-ல் சமம். தொலைநோக்கி 37 வெற்றியைத் தந்திருக்க வேண்டாம். ஏழு வாரத்தில் ஒரே ஒரு ஆட்டத்தை மாற்றியிருந்தால் போதும். அது மாற்றவில்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அதனால்தான், பெரிய அளவில் திருடவில்லை என்பது ஒரு சமாதானமே ஆகாது. மயிரிழையில் முடியும் போட்டியில் சின்னத் திருட்டும் முழுத் திருட்டுதான். இயந்திரங்களை வைத்துச் சைகை திருடக் கூடாது என்று நேஷனல் லீக் வெளிப்படையாகத் தடை போட்டது 1961-ல்தான். விதியில் இல்லை என்பது உண்மை. ஆனால் விதி மீறாத வேலை என்றால் ஏன் ஒளித்துச் செய்தார்கள்?

தாம்சன் கடைசி வரை, அந்தப் பந்துக்குத் தான் சைகை வாங்கவில்லை என்றே சொன்னார். 2010-ல் இறந்தார்.

எனக்கு இந்தக் கதையின் மையம் பிராங்காதான். ஒரு பந்தால் வாழ்நாள் முழுக்கத் தோற்றவன் என்ற பெயர். 1954-லேயே ஒரு சக வீரர் மூலம் அவருக்கு இந்தத் தொலைநோக்கி விஷயம் தெரிந்துவிட்டது. ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் அவர் வாய் திறக்கவில்லை. அழுது புலம்புகிறவன் என்று பெயர் வாங்க விருப்பமில்லை, பந்தை அடித்தது தாம்சன்தானே என்பது அவர் நிலை. தாம்சனும் அவரும் நண்பர்களானார்கள், ஊர் ஊராகச் சேர்ந்து போய் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் ஜெயித்த படத்தில் இன்னொருவரும் கையெழுத்திடுவார். அத்தனை வருஷமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு விஷயம் தெரியும். 2016-ல் பிராங்கா காலமானார்.

ஜயன்ட்ஸ் அந்த வேர்ல்ட் சீரிஸை ஜெயிக்கவில்லை, யாங்கீஸ் 4-2 என்று வென்றார்கள். ஆனால் அதன் முதல் ஆட்டத்தில் இர்வின், மேஸ், ஹாங்க் தாம்சன் என்று மூன்று கறுப்பின வீரர்கள் அவுட்ஃபீல்டில் நின்றார்கள். வேர்ல்ட் சீரிஸில் அதுவே முதல் முறை. 1957 சீசன் முடிந்ததும் இரண்டு அணிகளும் நியூயார்க்கை விட்டுக் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டன. 1964-ல் போலோ கிரவுண்ட்ஸையும் இடித்துவிட்டார்கள், தொலைநோக்கி வைத்த அறை உட்பட.

அந்த 37 வெற்றியை நான் ஒதுக்கிவைக்க மாட்டேன், அதில் உழைப்பு இருக்கு. அதை அப்பழுக்கில்லாமல் கொண்டாடவும் மாட்டேன். பட்டியலில் வெற்றி தோல்வி இரண்டுக்கு மட்டும்தான் இடம் இருக்கும். அதில் ஏறாத ஒரு கணக்கை ஒருத்தர் அரை நூற்றாண்டு தனியாகச் சுமந்தார். அதையும் சேர்த்துத்தான் 1951-ஐ ஞாபகம் வச்சுக்கணும்னு நினைக்கிறேன்.

அடுத்த எபிசோடில் வேறு ஒரு கதையோடு சந்திப்போம்.