பட்டாவும் இரவுப்பள்ளியும்

செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த டிரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் அவலநிலையை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். 1892இல் நிலம் வழங்க ஆணை பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம். நிலம் வந்தது; எழுத்து வரவில்லை. படிக்க அறியாது கைநாட்டு வைத்தோர் பலர் அந்நிலத்தை இழந்தனர்.

பகலில் வயலிலும் கேளம்பாக்கத்து உப்பளத்திலும் உழைத்தவர்க்கு அந்தியில்தான் ஓய்வு. உழைப்போரின் இக்குறையை உணர்ந்தே எல்.சி. குருசாமி சென்னையில் இரவுப்பள்ளிகள் நடத்தினார். 1978 அக்டோபர் 2இல் தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் தொடங்கிற்று. 1981இல் சென்னைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. வேலையை விடாமலே பட்டம் பெற வழி திறந்தது.

இளைஞர்களே! மாமல்லபுரத்துக் கல்லிலும் உளி நாள்தோறும் பட்டாலன்றி உருவம் பிறவாது. மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நீங்கள் படியுங்கள், பெற்றோர்க்கும் எழுத்தறிவியுங்கள். நம் வீட்டுப் பட்டாவை நாமே படிக்கும் நாளே நமக்கு விழா நாள்.