நண்பகலுணவும் நண்பரும்: ஊவாத் தோட்ட வரலாற்றில் ஒரு குறிப்பு

வேந்தரும் போரும் உடன்படிக்கையுமே வரலாறு எனக் கருதும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலம் நிலவியது. ஒருவர் யாரோடு, எங்கே, எவ்வளவு நேரம் அமர்ந்து உண்டார் என்பதும் வரலாற்றுக்குரிய வினாவேயாம். பதுளைக் கடைவீதியிலுள்ள சாப்பாட்டுக்கடை ஒன்றில் நண்பர் இருவர் எதிரெதிரே அமர்ந்து, சோறும் குழம்பும் இரசமும் முறையே வர, ஊர்க்கதை பேசி ஆறுதலாக உண்கின்றனர் என வைத்துக்கொள்வோம். இன்று இதிற் புதுமை யாதுமில்லை. ஆயின், ஊவா மலைத்தோட்டத் தொழிலாளி ஒருவர்க்கு இவ்வெளிய நிகழ்ச்சி கைகூடுதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. அது ஏன் என ஆராய்தலே ஈண்டு எம் நோக்கம்.

பண்டைத் தமிழர் சோறிடுதலை அறமாகப் போற்றினர். காவிரிப்பூம்பட்டினத்து அட்டிற்சாலைகளைப் பட்டினப்பாலை பாடும். மணிமேகலையின் அமுதசுரபியோ யாவரும் அறிந்தது. பிற்காலத்துச் சத்திரங்களும் அவ்வழி வந்தவையே. எனினும் இலவசச் சோற்றில் ஒரு குறை உண்டு. இடுபவரே பந்தியை வகுப்பார். உண்பவர் தமக்கு அருகில் அமர்பவரைத் தாமே தெரிந்துகொள்ளல் அரிது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பாரிஸ் நகரில் தோன்றிய உணவுச்சாலை இம்முறையை மாற்றியது. தனி மேசை, உணவுப் பட்டியல், விலை என்பன வந்தன. காசு கொடுப்பவர் தம் தோழரையும் தாமே தெரிந்துகொண்டார். அறத்தினும் வாணிகம் மேல் என்று யாம் சொல்ல வரவில்லை. இவ்வொரு கூற்றில் வாணிகமே உண்பவர்க்கு உரிமை தந்தது என்பதே எம் கருத்து.

அக்காசுதான் தோட்டத்தில் அரிதாயிருந்தது. 1869 ஆம் ஆண்டில் மடூல்சீமைப் பகுதியில் முதன்முதற் காணப்பட்ட இலைநோய் இலங்கையின் கோப்பிப் பயிரை நாளடைவில் அழிக்க, அதன் இடத்தைத் தேயிலை பற்றியது. கோப்பிக் காலத்திற் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து ஊர் திரும்பியவர் பலர். தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து தருவது. ஆதலால் தொழிலாளர் குடும்பத்தோடு லயங்களிற் குடியேறினர். அவர்க்கு வேண்டிய அரிசியைத் தோட்டமே வழங்கியது. அதன் விலை, சம்பளம் கைக்கு வருமுன்னரே கணக்கிற் கழிக்கப்பட்டது. கங்காணியிடம் பட்ட கடன் வேறு. அக்கடனைக் குறித்த துண்டுமுறை 1921 ஆம் ஆண்டுவரை நீடித்தது. 1927 ஆம் ஆண்டின் சட்டப்படி ஆகக் குறைந்த சம்பளம் வகுக்கப்பட்டபோது, உயர்மலைப் பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் ஆயின. அரிசியும் வரையறுத்த விலைக்கு மேற்படாது தரப்படல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இவ்விதி பசியைத் தணித்தது. ஆயினும் சம்பளத்தின் ஒரு பங்கு அரிசியாகவே வந்தமையால், உண்ணும் இடமும் லயத்து அடுப்பங்கரையாகவே அமைந்தது. 1942 ஆம் ஆண்டில் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, அந்நாட்டு அரிசி வரவு நின்றது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. இன்று தோட்டத்து உணவின் அடையாளமாகக் கருதப்படும் ரொட்டி லயங்களில் வேரூன்றியமைக்கு அந்தப் போரும் ஒரு காரணம்.

காசு இருப்பினும் பொழுது வேண்டுமன்றோ? விடியற்காலையிற் பிரட்டுக்களத்திற் பேர் போடப்படும். இடையில் நின்றவர்க்கு அரைப்பேர். மத்தியான நிறுவைக்கும் மறுபடி மலைக்கு ஏறுவதற்கும் இடைப்பட்ட சிறு பொழுதில் ஆறுதலாக உண்பது எங்ஙனம்? கொழுந்து பறித்த கையாலேயே அடுப்பையும் மூட்டிய பெண்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பிற்காலத்திற் சம்பள நாளன்று பட்டணத்துக் கடையில் அமர்ந்தவரும் பெரும்பாலும் ஆடவரே. பெண்களுக்குச் சமச் சம்பளம் 1984 ஆம் ஆண்டிலேதான் கிடைத்தது.

நண்பரைப் பற்றியும் கூறல் வேண்டும். லயத்துக் காம்பராவுக்கு வெளியார் ஒருவர் வருவதைத் துரை விரும்பாவிடின், அது அத்துமீறலாகக் கொள்ளப்பட்டு வழக்கும் தொடரப்படலாம். தொழிலாளர் நிலையை நேரிற் காண விழைந்த கோ. நடேசையர் புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுட் புகுந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. தன் வீட்டில் தன் தோழருக்குச் சோறிட முடியாத ஒருவர், அவரைக் காணப் பட்டணத்துக்கே செல்லல் வேண்டும். 1924 ஆம் ஆண்டிற் புகையிரதப் பாதை பதுளையை எட்டியபின் கடைவீதி பெருகியது. பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்தில் 1940 ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் எழுந்தது. தோட்ட எல்லைக்கு அப்பால், எவரது அனுமதியும் வேண்டாது இருவர் கூடிப் பேசும் இடம் எத்துணை அருமையானது என்பதை அத்தகைய காலத்தை எண்ணிப் பார்ப்பவர் உணர்வர்.

கடைக்குட் புகுந்த பின்னரும் ஒரு தடை உண்டு. கங்காணிமார் பெரும்பாலும் உயர்ந்தோர் எனப்பட்ட சாதியினர். தொழிலாளருட் பெரும்பகுதியினரோ ஒடுக்கப்பட்டோர். லயங்களே சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. இது மலைநாட்டுக்கு மட்டும் உரிய இழுக்கன்று. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளிற் சிலர்க்குப் போத்தலிலும் தகரப்பேணியிலும் தேநீர் கொடுக்கப்பட்டது. சென்னைத் திருவல்லிக்கேணியில் உணவுக்கடை ஒன்றின் பலகையிலிருந்த சாதிப்பெயரை நீக்கக் கோரி 1957 ஆம் ஆண்டிற் கிளர்ச்சி நடந்தது. அதே ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றி, உணவுச்சாலையில் ஒருவரைச் சாதி காரணமாக மறுத்தலைக் குற்றமாக்கியது. எனினும் சங்கானையில் 1968 ஆம் ஆண்டிலும் தேநீர்க்கடை நுழைவுக்காகப் போராட நேர்ந்தமையை நோக்குமிடத்து, ஏட்டில் எழுதிய இருக்கை கடையில் இடப்படுவதற்குச் சட்டம் மட்டும் போதாதென்பது தெளிவு.

இங்ஙனம் காசும் பொழுதும் இருக்கையும் ஒருவாறு கைகூடிவந்த காலத்திலேயே நண்பர்கள் பிரிய நேர்ந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பக்கத்துப் பக்கத்துக் காம்பராக்களில் வளர்ந்த இருவருள் ஒருவர்க்கு இந்நாடும் மற்றவர்க்கு அந்நாடும் விதிக்கப்படுவதாயிற்று. கோச்சியேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் அடைந்தோர் பலர். அக்கப்பற் போக்குவரத்து 1984 ஆம் ஆண்டு நின்றது. அவ்வாறு சென்றவருட் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் மீண்டும் தேயிலை மலைகளிலேயே வேலைக்கு அமர்ந்தோர் பலர். பதுளையிற் பழகிய ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் அவரோடு நீலகிரிக்குச் சென்றன.