சாவி யார் கையில்? அயல்நாட்டுத் தன்னார்வப் பணியில் ஒப்படைப்பு உருவான வரலாறு

அரசு அலுவலகத்தில் மாறுதலாகிப் போகிறவர் 'சார்ஜ்' கொடுப்பது நமக்குப் பழகிய காட்சி. பீரோ சாவி, முத்திரை, இருப்புப் பதிவேடு எல்லாவற்றையும் வருகிறவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கென்று அயல்நாட்டுக்கு வந்து பணிசெய்துவிட்டுத் திரும்பும் தன்னார்வலர் எதை, யாரிடம் ஒப்படைக்கிறார்? தொடக்க காலத்தில் இப்படியொரு கேள்வியே எழவில்லை. அது எப்போது, எதனால் எழுந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சுவிட்சர்லாந்தின் பியர் செரசோல் 1920-இல் பிரான்சின் வெர்தூன் அருகே, போரில் தரைமட்டமான எஸ்ன் கிராமத்தை மீண்டும் கட்ட ஒரு சிறு குழுவைக் கூட்டினார். சர்வதேசத் தன்னார்வப் பணி முகாம்களின் தொடக்கமாக அதைத்தான் குறிப்பிடுவார்கள். 1934 ஜனவரியில் பீகாரை நிலநடுக்கம் உலுக்கியபோது அவர் இந்தியாவுக்கும் வந்து, குடியிருப்புகளைக் கட்டும் வேலையில் இறங்கினார். வீடு கட்டும் பணியில் ஒப்படைப்புச் சிக்கல் எழ வழியில்லை. குடியிருக்கப் போகிறவர் கண்ணெதிரே நிற்கிறார்; கூரை ஏறியதும் வீடு அவருடையது.

அடுத்த கட்டத்திலும் சிக்கல் இல்லை. ஆனால் காரணம் வேறு. 1951-இல் ஆஸ்திரேலியப் பட்டதாரி ஹெர்ப் ஃபீத் ஜகார்த்தா சென்று இந்தோனேசியத் தகவல் அமைச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவரைத் தொடர்ந்து போனவர்களும் இந்தோனேசிய அரசு ஊழியருக்குரிய சம்பளத்தையே வாங்கினார்கள். 1961 ஆகஸ்ட் இறுதியில், அயல்நாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமெரிக்க அரசு அமைப்பான அமைதிப் படையின் (Peace Corps) முதல் குழு கானாவில் இறங்கியபோது அதிலிருந்த 51 பேரும் ஆசிரியர்கள். மறு ஆண்டு எத்தியோப்பியாவுக்குப் போன ஏறத்தாழ 300 பேரில் பெரும்பாலோர் ஆசிரியர்களே. அவர்கள் உட்கார்ந்த நாற்காலி அந்த நாட்டினுடையது. அவர்கள் எழுந்து போனபின் அடுத்த குழுவிலிருந்து ஒருவரோ உள்ளூர்ப் பட்டதாரியோ அதில் அமர்ந்தார். பாடத்திட்டமும் கால அட்டவணையும் தேர்வும் பள்ளியிடம் இருந்தன. 'சார்ஜ்' கொடுக்கச் சாக்பீஸ் டப்பாவைத் தவிர அதிகமில்லை.

நாற்காலியை விட்டுக் கிராமத்துக்குள் இறங்கியபோதுதான் சங்கடம் பிறந்தது. 1960-களில் சமுதாய வளர்ச்சிப் பணி என்ற பெயரில் தன்னார்வலர்கள் புதியவற்றைத் தொடங்கினார்கள். இந்தியாவில் அமைதிப் படையினர் செய்த முக்கியப் பணிகளுள் ஒன்று கோழி வளர்ப்பு. கொட்டகையும் கூண்டும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், அவற்றை எண்ணிக் கொடுத்துவிடலாம். பண்ணையை நடத்துவது கண்ணுக்குத் தெரியாத வேறு சங்கதிகள். தீவனம் எந்தக் கடையில் கடனுக்குக் கிடைக்கும்? வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசியை எங்கிருந்து, சூடேறாமல், எந்தப் பேருந்தில் கொண்டுவருவது? முட்டை எடுக்க வருகிற வியாபாரி யார் முகத்துக்காக வருகிறார்? பெரும்பாலும் வெள்ளைக்காரர் முகத்துக்காக என்றுதான் நான் நினைக்கிறேன். மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் தன்னார்வலர் போய் நின்றால் உடனே நகரும் கோப்பு, அவர் விமானம் ஏறியபின் அதே வேகத்தில் நகருமா? இருப்புப் பதிவேட்டில் செல்வாக்கு என்றொரு கலம் கிடையாது. ஒப்படைப்பு ஒரு சிக்கலாக உருவெடுத்தது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

இதற்கு நிறுவனங்கள் கண்ட விடை 'கவுன்டர்பார்ட்', அதாவது உடன் உழைக்கும் உள்ளூர்க்காரர். பொருளை ஒப்படைப்பதற்குப் பதில் ஆளைத் தயார்செய்வது என்பது நல்ல யோசனை. ஆனால் அந்த ஆள் அரசு ஊழியராக இருந்தால் தன்னார்வலர் கிளம்புவதற்கு முன்பே அவருக்கு மாறுதல் உத்தரவு வந்துவிடலாம். அனுப்பும் பக்கத்திலும் நிலை இதுதான். அமைதிப் படையின் அலுவலர்கள் பொதுவாக 5 ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கக்கூடாது என்று 1965-இல் சட்டத்திலேயே வரம்பு வந்தது. புதுரத்தம் பாயட்டும் என்பது நோக்கம். ஆக, கொடுப்பவர், வாங்குபவர், இருவரையும் மேற்பார்ப்பவர் மூவருமே கிளம்பக் காத்திருப்பவர்கள்.

வந்தவர் கிளம்பியபின் வேலை யார் கையில் தொடரும் என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை தன்னார்வ நிறுவனங்களிடமிருந்து வரவில்லை, கோயம்புத்தூரிலிருந்து வந்தது என்பது கொஞ்சம் வேடிக்கை. கிராமங்களில் பரவலாக நட்ட இந்தியா மார்க் 2 அடிபம்பில் உள்ளே ஒரு சின்ன வாசர் தேய்ந்தால்கூட, முக்காலி நிறுத்திக் கிணற்றிலிருந்து குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுக்க வேண்டும். அதற்குக் கனமான கருவிகளும் வண்டியில் வரும் ஆட்களும் தேவை. 1980-களில் உலக வங்கியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் கோயம்புத்தூர் வட்டாரத்தில் நடத்திய களச் சோதனையிலிருந்து மார்க் 3 உருவானது. இதில் குழாயின் விட்டத்தைப் பெரிதாக்கிவிட்டார்கள். குழாய் இருந்த இடத்திலேயே இருக்க, பிஸ்டனை மட்டும் அதன் வழியாக உருவி வெளியே எடுத்து வாசரை மாற்றலாம். ஊர்க்காரர்களே பழுதுபார்க்க முடிவதுதான் உண்மையான ஒப்படைப்பு என்ற எண்ணம் இங்கே இரும்பிலேயே வார்க்கப்பட்டது. கடைசி நாள் விழா எடுத்துச் செய்ய வேண்டியதை வரைபடம் போடும் நாளிலேயே செய்துவிட்டார்கள்.

கடைசி நாளே சொல்லாமல் வந்ததும் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாவால் அமைதிப் படை தன் வரலாற்றில் முதன்முறையாக உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் அனைவரையும் திருப்பி அழைத்தது. ஏறத்தாழ 7,000 பேர் ஏறக்குறைய 60 நாடுகளிலிருந்து அவசரமாகக் கிளம்பினார்கள். சார்ஜ் கொடுக்க நேரமில்லை. சிலருக்கு ஊர்க்காரர்களிடம் முறையாகச் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. 2022 மார்ச்சில்தான் ஜாம்பியாவுக்கும் டொமினிக்கன் குடியரசுக்கும் முதலில் ஆட்கள் திரும்பினார்கள்.

வழக்கமாகப் பணி முடியும்போது அமைதிப் படை ஒவ்வொருவருக்கும் 'பணி விவரம்' என்ற அதிகாரப்பூர்வ ஆவணத்தைத் தருகிறது. எந்த ஊர், என்ன பயிற்சி, என்னென்ன வேலை என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்நாட்டு இயக்குநரின் கையெழுத்தும் இருக்கும். திரும்பியவர் அமெரிக்கக் கூட்டரசு வேலைக்குப் போனால், 1963-இல் பிறந்த நிர்வாக ஆணையின்படி கிடைக்கும் சலுகைக்கு அதுவே சான்று. அமைப்பு முறையாகப் பாதுகாத்து வைக்கும் ஒப்படைப்புத் தாள் என்று பார்த்தால் இதுதான் கையில் அகப்படுகிறது. இது எழுதப்படுவதோ வந்துபோனவருக்காக.