சின்னஞ்சிறு நுரையீரலுக்கு ஓய்வு

சிறிது நேரம் மூச்சை அடக்கிப் பாருங்கள். ஒரு நிமிடம் ஆவதற்குள் நெஞ்சு முட்டும். வாய் தானே திறந்து காற்றை இழுத்துக்கொள்ளும். உடலின் ஒவ்வோர் உயிரணுவுக்கும் பிராணவாயு ஓயாமல் போய்ச் சேர வேண்டும். அதை இரத்தத்தில் ஏற்றுவது நுரையீரல். உடலெங்கும் அனுப்புவது இருதயம். பிறந்து ஒரு நாளே ஆன குழந்தையின் நுரையீரல் வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும்? உடலுக்கு வெளியே ஒரு கருவி அவ்வேலையைச் சில நாட்கள் செய்ய முடியுமா? கொரோனாத் தொற்றின்போது செய்திகளில் அடிக்கடி கேட்ட ‘எக்மோ’ இக்கேள்விக்கு விடையாகப் பிறந்ததே.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் கிப்பன் 1931இல் பாஸ்டன் நகரில் பணியாற்றினார். நுரையீரல் நாளத்தில் இரத்தக்கட்டி அடைத்த ஒரு பெண்மணியின் அருகில் இரவு முழுதும் கண்விழித்திருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. கருத்த இரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு ஏற்றித் திருப்பி அனுப்பினால் என்ன என்று அன்று அவருக்குத் தோன்றியது. எண்ணம் நிறைவேற 22 ஆண்டுகள் பிடித்தன. 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில், 18 வயதுப் பெண்ணின் இருதயத்திலிருந்த துளையை அவர் தைத்து மூடினார். அப்போது 26 நிமிடங்கள் அவளது உயிரைத் தாங்கியது கிப்பனின் இருதய நுரையீரல் கருவி.

நிமிடங்கள் சரி, நாட்கள்?

இங்கேதான் சிக்கல். அக்காலக் கருவிகளில் இரத்தமும் பிராணவாயுவும் நேருக்கு நேர் மோதின. சிவப்பணுக்கள் சிதைந்தன, இரத்தப் புரதங்கள் கெட்டன. சில மணி நேரத்துக்கு மேல் உடல் அதைத் தாங்காது.

நம் நுரையீரலில் காற்றும் இரத்தமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே மிக மெல்லிய சவ்வு இருக்கிறது. வாயுக்கள் அதன் வழியே ஊடுருவுகின்றன. இதே முறையைக் கருவியிலும் கையாண்டால்? 1960களில் தியடோர் கொலோபோ சிலிக்கோன் ரப்பர் சவ்வைச் சுருளாகச் சுற்றிச் செயற்கை நுரையீரல் ஒன்றை உருவாக்கினார். ஒரு பக்கம் இரத்தம், மறு பக்கம் பிராணவாயு. மணிக்கணக்கு நாட்கணக்காயிற்று.

1975இல் கலிபோர்னியாவில், பிறந்த குழந்தை ஒன்று மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. கருவிலேயே வெளியேறிய மலம் மூச்சுக்குழலில் புகுந்திருந்தது. செவிலியர்கள் அக்குழந்தைக்கு இட்ட பெயர் ‘எஸ்பெரான்ஸா’. ஸ்பானிய மொழியில் ‘நம்பிக்கை’ என்று பொருள். ராபர்ட் பார்ட்லெட் என்ற மருத்துவர் குழந்தையைக் கருவியுடன் இணைத்தார். சில நாட்களில் நுரையீரல் தேறியது. குழந்தை பிழைத்து, வளர்ந்து பெரியவளானாள்.

ஏன் குழந்தைகளுக்கு?

அதே காலத்தில் 90 பெரியவர்களிடம் நடந்த சோதனை தோல்வி கண்டது. கருவி பொருத்தியவர்களிலும் பொருத்தாதவர்களிலும் பத்துக்கு ஒன்பது பேர் இறந்தனர். அவர்களில் பலருக்கு நுரையீரல் தழும்பேறி மீள முடியாத நிலை. பிறந்த குழந்தையின் கதை வேறு. பிராணவாயு குறைந்தால் அதன் நுரையீரல் நாளங்கள் சுருங்குகின்றன. சுருங்கினால் பிராணவாயு இன்னும் குறைகிறது. இந்தச் சுழலைச் சில நாட்கள் நிறுத்திவைத்தால் நுரையீரல் தானே தேறிவிடும்.

ஆனால் ஆபத்தும் உண்டு. மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் மொத்த இரத்தமே சுமார் 250 மில்லி, அதாவது ஒரு டம்ளர் அளவு. குழாய்களில் இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் மருந்து தர வேண்டும். அதனால் மூளையில் இரத்தம் கசியக்கூடும்.

ஆகவே பயனை ஐயமின்றி நிறுவ வேண்டும். அதற்குச் சில குழந்தைகளுக்குக் கருவியைத் தராமல் ஒப்பிட வேண்டுமே! எந்த மருத்துவருக்கு மனம் வரும்? பார்ட்லெட் ஒரு புது வழி கண்டார். சீட்டு எடுத்துச் சிகிச்சையை முடிவு செய்வது. எந்தச் சிகிச்சையில் குழந்தை பிழைக்கிறதோ, அதற்குரிய சீட்டைப் பெருக்கிக்கொண்டே போவது. 1985இல் வெளியான முடிவின்படி, கருவி கிடைத்த 11 குழந்தைகளும் பிழைத்தன. வழக்கமான சிகிச்சை பெற்றது ஒரே குழந்தை, அது இறந்தது. ஒரு குழந்தையை வைத்து ஒப்பிடுவதா என்று அறிஞர்கள் கேட்டனர். அதிலும் நியாயம் இருந்தது.

ஐயத்தைத் தீர்த்தது பிரிட்டனில் 185 குழந்தைகளிடம் நடந்த சோதனை. கருவிச் சிகிச்சைப் பிரிவின் 93 பேரில் 30 குழந்தைகள் இறந்தன. வழக்கமான சிகிச்சைப் பிரிவின் 92 பேரில் 54 குழந்தைகள் இறந்தன. வேறுபாடு தெளிவானதும், 1995 நவம்பரில், புதிய குழந்தைகளைச் சேர்ப்பதை முன்கூட்டியே நிறுத்திவிட்டனர். அந்த 54 என்ற எண்ணைச் சற்று நின்று படியுங்கள். இன்று மருத்துவர்கள் தயங்காமல் முடிவெடுப்பதற்கு அக்குழந்தைகளும் காரணம்.

எக்மோ எந்த நோயையும் குணப்படுத்துவதில்லை. உடல் தன்னைத்தானே சீர்செய்துகொள்ள அவகாசம் தருகிறது. இருதய அறுவைக்குப் பின் தளர்ந்துபோன சின்னஞ்சிறு இருதயங்களுக்கும் இன்று அது ஓய்வளிக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் சுவாசிக்கச் செய்யும் சிகிச்சை முதலியன வந்தபின், மூச்சுத்திணறலுக்காகப் பச்சிளங் குழந்தைகளைக் கருவியில் இணைக்கும் தேவை குறைந்திருக்கிறது. இதுவும் மருத்துவத்தின் வெற்றியல்லவா?